சுக்கு பச்சைக்கறிக்கு மாறிய ஆனி மாதம்

மேலப்பொழில் சன்னதித் தெருவில் சுக்கு என்கிற நாய் சாப்பாட்டை நிறுத்திய அன்றைக்கு, அது குடியிருந்த வீட்டில் பேச்சும் பாதி நின்றுபோனது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற குற்றாலிங்கத்துக்கும் அவர் மனைவி கோமதியம்மாளுக்கும் நடுவில் மூன்று வருஷமாக ஒரு சொல் போக வேண்டுமென்றாலும் அது சுக்கு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "சுக்கு, வெந்நி ஆறுதுன்னு அவியள்ட்ட சொல்லு" என்பாள் கோமதியம்மாள் அடுக்களையிலிருந்து. "சுக்கு, வாரேன்னு சொல்லு" என்பார் இவர் கூடத்திலிருந்து. நாய் நடுவாசலில் படுத்தபடி இந்தப் பக்கம் ஒரு காதையும் அந்தப் பக்கம் ஒரு காதையும் திருப்பும். அரிசி தீர்ந்தது, கரண்ட் பில் வந்தது, ஒன்றுவிட்ட சித்தப்பா செத்துப்போனது எல்லாம் அந்த இரண்டு காதுகள் வழியாகத்தான் அவர்களுக்குள் வந்து சேர்ந்தன.

காரணம் தெருவுக்கே தெரியும். ஒரே மகள் சங்கரி, சந்தை முக்கில் கறிக்கடை வைத்திருக்கிற சேர்மத்துரையைக் கட்டிக்கொண்டு போனாள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலிருந்து போனில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த குற்றாலிங்கம், இனி இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்றார். கோமதியம்மாள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். பொறுக்கி முடித்துவிட்டு நாயின் பக்கம் திரும்பி, "சுக்கு, சாப்பிட வரச் சொல்லு" என்றாள். அன்று தொடங்கியதுதான்.

முப்பத்துநாலு வீடும் சைவமாக இருக்கிற தெரு அது. தன் வாக்கைத் தெருவும் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று குற்றாலிங்கம் நம்பினார். மகள் பேச்சை அவர் காதுபட யாரும் எடுத்ததில்லை. அவரும் யார் பக்கத்திலும் போய் நின்றதில்லை. கோயிலில் தூணோரம் நிற்பார், கடையில் கூட்டம் குறையட்டும் என்று வெளியே காத்திருப்பார். அது கௌரவம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சுக்கு, சங்கரி காலேஜ் படிக்கும்போது மழையில் கிடந்ததைத் தூக்கிவந்த குட்டி. இஞ்சி காய்ந்த நிறம் என்பதால் அந்தப் பெயர். தெரு வழக்கப்படி அதையும் சைவமாகவே வளர்த்தார்கள். தயிர்சாதம், பருப்புசாதம், சாயங்காலம் பாலில் நனைத்த பிஸ்கட். முட்டையைக் கண்ணால்கூடப் பார்த்திராத நாய். அதற்கு அந்த வருஷம் சித்திரையில் அரிப்பு பிடித்தது, வைகாசியில் ரோமம் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது, ஆனி பிறக்கும்போது தின்றதையெல்லாம் கக்கத் தொடங்கியது. பிறகு கக்குவதற்கும் ஒன்றுமில்லாமல் ஐந்து நாள் வெறும் தண்ணீரை நக்கிக்கொண்டு கிடந்தது. சொல் கொண்டுபோகக் காதைத் திருப்பவும் அதற்குத் தெம்பில்லை.

கால்நடை மருந்தகத்து டாக்டர் ஜெஸிந்தா சுக்குவின் தோலைக் கிள்ளிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். குற்றாலிங்கம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார். எல்லா நாய்க்கும் தான் இப்படிச் சொல்வதில்லை, ஆனால் இதற்கு அரிசியும் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை, பச்சைக்கறிக்கு மாற்றிப் பார்க்கலாம், ஒரே நாளில் மாற்றக் கூடாது, சோற்றைக் குறைத்துக் குறைத்து, கறியைக் கூட்டிக் கூட்டி, கோழிக் கழுத்து, ஆட்டு விலா எலும்பு, ஈரல் கொஞ்சமே கொஞ்சம், எல்லாம் வேகாமல், ஆனால் நாள்கணக்கில் ஐஸில் உறைய வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புழு சேரும், வட்டிலையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து குற்றாலிங்கம் நாயைப் பார்த்துச் சொன்னார். "சுக்கு, டாக்டரம்மா பச்சைக்கறி போடச் சொல்லுதாவ. இந்த வீட்டுல அது நடக்காதுன்னு சொல்லிரு."

கோமதியம்மாள் வந்து நாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் காதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சுக்கு, நீ போய்ட்டா இந்த வீட்டுல நான் யார்ட்டப் பேசன்னு அவியள்ட்ட கேளு."

முப்பது வருஷம் பஸ்களை நேரத்துக்கு அனுப்பிய மனிதர் கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். காலையில் ஆறு மணிக்கு, யாரும் கேட்காமலே, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஐஸ் பெட்டி வைத்த கறிக்கடை மேலப்பொழிலில் ஒன்றுதான் உண்டு. வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் கறியை வைப்பதென்பது அவரால் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆகவே சந்தை முக்குக்கே போனார். தொங்கவிட்ட ஆட்டுத் தொடைகளுக்குப் பின்னால் சேர்மத்துரை கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் எழுந்து, துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். இவர் உட்காரவில்லை. தராசைப் பார்த்து, "நாய்க்கு" என்றார்.

"சுக்குக்கா?" என்றான் அவன். என்ன செய்கிறது என்று கேட்டான். இவர் டாக்டரம்மா எழுதிய சீட்டை நீட்டினார். அவன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, புளியங்கொட்டை அளவுக்குச் சின்னச் சின்னதாக நறுக்கி, கட்டுவதற்காகப் பின்கட்டு வீட்டுக்குள் கொண்டுபோய், தேக்கிலையில் நன்றாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். "எலும்ப மட்டும் வேக வச்சிராதீங்க சார். வெந்த எலும்பு ஊசி மாதிரி உடையும், குடலக் கிழிச்சிரும்" என்றான். மாமா என்று சொல்லாமல் சார் என்று அவன் சொன்னதில் தனக்கு என்ன குறைந்துபோனது என்று வழிநெடுகக் குற்றாலிங்கம் யோசித்துக்கொண்டே வந்தார்.

புறவாசல் கறிவேப்பிலை மரத்தடியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு குச்சியால் இலையைப் பிரித்தார். சுக்கு அதைப் பார்த்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தது. ஐந்து வருஷம் தயிர்சாதம் தின்ற நாய்க்கு இதைத் தின்னலாமா என்று கேட்கத் தோன்றியது போலும். அவர் "ம்" என்றார். அது தின்றது. அவர் போய்க் குளித்தார். மறுநாளும் கறி போட்டார், குளித்தார். மூன்றாம் நாள் இலையைக் கையாலேயே பிரித்தார். ஒரு வாரத்தில் சோறு ஒரு கைப்பிடியாகக் குறைந்தது, கறி இரண்டு கைப்பிடியானது, சுக்கு எழுந்து நடந்தது, மொட்டையாகக் கிடந்த முதுகில் வெல்வெட் மாதிரி புது ரோமம் முளைத்தது, நடுவாசலில் மறுபடி வந்து படுத்து இரண்டு பக்கமும் காதைத் திருப்பத் தொடங்கியது.

பன்னிரண்டாம் நாள், சோறே இல்லாமல் முழுக்கப் பச்சைக்கறி தின்ற முதல் காலையில், சுக்குவின் மோப்பம் வழியத் தொடங்கியது. பானை நிரம்பினால் தண்ணீர் வழிகிற மாதிரிதான். அதன் மூக்கு கொள்ளாமல் போனது மற்றவர்களின் மூக்குக்கு வந்தது. முதலில் கோமதியம்மாள், உப்பு ஜாடியைத் திறந்தவள், அதில் கடல்நீரையும் உப்பு அள்ளியவளின் கைக்காப்பையும் முகர்ந்து அப்படியே நின்றாள். குற்றாலிங்கம் பேப்பரைப் பிரித்தவர், அதை அதிகாலையில் சைக்கிளில் கொண்டுவந்த ஆள் வழியில் எந்தக் கடையில் டீ குடித்தான் என்பதையும் சேர்த்துப் படித்தார். சுக்கு தெருவில் இறங்கி நடக்க நடக்க, அது போன வழியெல்லாம், வீடு வீடாக, மோப்பம் பரவியது. மத்தியானத்துக்குள் சன்னதித் தெரு முழுவதற்கும் நாய்மூக்கு வந்துவிட்டது.

தெரு இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள நேரமில்லை, வேலை அவ்வளவு இருந்தது. மலையில் சாரல் இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே ஈரப்பாறையின் வாசம் வந்துவிட்டதால், பெண்கள் அவசரமில்லாமல் கொடித்துணியை எடுத்து மடித்தார்கள். தொலைந்த சாவிகளும் ஒற்றைக் கொலுசுகளும் கிடைத்தன. ஊதுபத்தி மூக்கைக் கரித்ததால் கோயில் பட்டர் அதை நிறுத்திவிட்டு அம்மனுக்கு வெறும் பூ மட்டும் போட்டார். அப்போதுதான் அந்தச் சிலையின் கல்லுக்குள் ஓர் ஆறு ஓடுகிற வாசனை எல்லோருக்கும் தெரிந்தது. அதை முகர்வதற்கென்றே மேலத்தெரு ஆட்களும் வந்து வரிசையில் நின்றார்கள். தெருத்தலைவர் நெல்லையப்பனுடைய தம்பியின் மூச்சில் அழுகின பழத்தின் வாடை அடிப்பதாக மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னதால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான், சர்க்கரை என்றார்கள், மாத்திரை சாப்பிடத் தொடங்கினான். கோபம் கருகின நல்லெண்ணெய் மாதிரி இருக்கும், பயம் நனைந்த இரும்பு மாதிரி இருக்கும் என்று பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டார்கள். யாரிடமாவது இரும்பு வாடை வந்தால் என்ன ஏது என்று கேட்காமல் பக்கத்தில் போய்க் கொஞ்சநேரம் உட்கார்ந்தார்கள். சுக்கு அடுத்த தெருவுக்குப் போனால் மோப்பமும் கூடவே போய்விடும். அதனால் அது திரும்பும்வரை சன்னதித் தெருக்காரர்கள் ஜலதோஷம் பிடித்தவர்களைப் போல எரிச்சலோடு இருந்தார்கள்.

எல்லோரும் பயந்தது கறி வாடைக்குத்தான். ஆனால் அந்த மூக்கோடு முகர்ந்தபோது தேக்கிலைப் பொட்டலத்தில் கறி வாடை அவர்கள் நினைத்த மாதிரி இல்லை. ஆடு மேய்ந்த சரிவு இருந்தது, அதன் அருகம்புல் இருந்தது, அது தண்ணீர் குடித்த ஓடை இருந்தது.

குற்றாலிங்கத்துக்கு மட்டும் அதில் இன்னொன்றும் இருந்தது. இலையின் மடிப்பில், மடித்த கையின் வாசனை. மருதாணியும், படிக்கிற காலத்தில் பேனாவைக் கடித்துக் கடித்து விரல்களில் ஊறிய மசியும், அவர் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு போன நாளில் அவர் சட்டையைப் பிடித்திருந்த ஒரு சின்னக் கையும். அதற்கும் மேலே, மெல்லிசாக, பால் குடித்துத் தூங்குகிற ஒரு உச்சந்தலையின் வாசனை. அவர் இலையை வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். சங்கரிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று சொன்னதும் அவர்தான். அன்றுமுதல் அவர் இலைகளைத் தூர எறியவில்லை. கழுவி, கிணற்றடியில் அடுக்கிவைத்தார். அன்றிலிருந்து வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் அந்தப் பால் வாசனை இருந்தது. அடுக்களையில், கூடத்தில், ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் இருந்தது. இலையிலிருந்து வருகிறது என்றே அவர் நினைத்தார். கோமதியம்மாள் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. அவளிடம் நனைந்த இரும்பு வாடை அடித்தது. இவர் பக்கத்தில் போய் உட்கார நினைத்து, மூன்று வருஷத்துப் பழக்கம் காலைப் பிடிக்க, நாயிடம், "சாப்பிடச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

மோப்பம் வந்த ஒன்பதாம் நாள் தெருக்கூட்டம் போட்டார்கள். கோயில் மண்டபத்தில், சாயங்காலம். நெல்லையப்பன் சுற்றிவளைத்துப் பேசினார். சைவத் தெரு, கோயில் வாசல், பச்சைக்கறி, வழக்கம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, நாயை மறுபடி தயிர்சாதத்துக்கே மாற்றிவிட்டால் நல்லது என்று எல்லாருக்கும் தோன்றுகிறது என்றார். எதிர்வீட்டு அருணாசலவடிவு டீச்சர் அப்படித்தான் என்று தலையாட்டினாள். பட்டர் தரையைப் பார்த்தார். தம்பியின் உயிரைக் காப்பாற்றிய மூக்கை மூடச் சொல்கிறாரே என்று குற்றாலிங்கத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. வழக்கம்போல அவர் மண்டபத்துக்கு வெளியே, படிக்குக் கீழே தனியாக நின்றிருந்தார்.

அப்போது சாரல் அடித்தது. இரண்டு மணி நேரம் முன்னாலேயே தெரிந்த சாரல்தான், கூட்டம் நீண்டுவிட்டது. சுக்கு உடம்பை உதறிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓட, குற்றாலிங்கமும் ஏறி வர வேண்டியதாயிற்று. உள்ளே இடமில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மனுஷர்களுக்கு நடுவில், தோளோடு தோள் இடிக்க நின்று, அவர் நாய்க்காகப் பேச வாயெடுத்தார்.

வாயெடுத்தவர் நிறுத்தினார். டீச்சரின் புடவைத் தலைப்பிலிருந்து அந்த வாசனை வந்தது. பால் குடித்துத் தூங்குகிற உச்சந்தலையின் வாசனை. அவர் மெல்லத் திரும்பினார். பட்டரின் தோள் துண்டில் அது இருந்தது, கூடவே பிறந்த பிள்ளையின் நாக்கில் தொட்டு வைக்கிற சர்க்கரைத் தண்ணீர் வாடையும். நெல்லையப்பனின் சட்டையில், குழந்தை ஒன்றுக்குப் போனால் வருகிற பூமணம் இருந்தது, துவைத்தும் போகாமல். பேறுகாலத்து லேகியம் கிண்டிய கை ஒன்று, தொட்டில் கட்டிய கயிறு முறுக்கிய கை ஒன்று. அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். மண்டபம் முழுக்க நனைந்த இரும்பு வாடை எழுந்தது. ஒரு வீடுகூட மிச்சமில்லை. மோப்பம் வரும்வரை ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, தனித்தனியாக, சந்தைக்குப் போகிற சாக்கில், அந்தக் கறிக்கடையின் பின்கட்டுக்குப் போய் அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். போகாதவர் ஊரில் ஒருவர்தான்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி," என்றாள் டீச்சர் கடைசியில். "உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவியளேன்னுதான் நாயி மூக்கு வேண்டாம்னு சொன்னோம்."

குற்றாலிங்கம் சாரலில் இறங்கி வீட்டுக்கு நடந்தார், சுக்கு பின்னால் ஓடிவந்தது. கோபம் வரும் என்று வழியெல்லாம் காத்திருந்தார். தன்னையே முகர்ந்து பார்த்தார், கருகின எண்ணெய் வாடை வரவில்லை. காலி பஸ் ஸ்டாண்டின் வாடை வந்தது. எல்லா வண்டியும் போன பிறகு தனியாக நிற்கிற ஆளின் வாடை.

வீட்டில் கூடத்து நடுவில் நின்று கண்ணை மூடி முகர்ந்தார். கிணற்றடி இலைகள் மழையில் நனைந்து தேக்கு வாசம் மட்டுமே வீசின. பால் வாசனை அங்கிருந்து வரவில்லை. அது அடுக்களைப் பக்கமிருந்து வந்தது. அவர் அடுக்களை வாசல் வரை போனார். கோமதியம்மாள் அடுப்படியில் நின்றிருந்தாள், அவள் இடுப்பில் செருகிய சுருக்குப்பையிலிருந்து வந்தது. அவர் பார்த்ததை அவள் பார்த்தாள். மறைக்கவில்லை. பையைத் திறந்து, ஒரு பிளானல் துணித் தொப்பியை, ஒரு ஆரஞ்சுப் பழத்துக்குப் போடலாம் போல அவ்வளவு சின்னதை, எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து வாரம் இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தவள், மோப்பம் வந்த பிறகு போகாமல் ஒன்பது நாளாக அதை வைத்துக்கொண்டுதான் கிடந்தாள் என்பது அவருக்குப் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துப் பேசினால் ஒருநாள் இல்லை ஒருநாள் மகளைத் தான் கைவிடவில்லை என்ற உண்மை வாய்தவறி வந்துவிடும் என்றுதான் மூன்று வருஷமாக அவள் நாயிடம் பேசியிருக்கிறாள்.

சுக்கு வழக்கம்போல நடுவாசலில் போய்ப் படுத்து இரண்டு காதையும் தயாராக வைத்துக்கொண்டது. குற்றாலிங்கம் அதைத் தாண்டி அடுக்களைக்குள் போனார்.

"கோமதி," என்றார். "என்ன பேரு வச்சிருக்காவ?"

அவள் தொப்பியை உள்ளங்கையில் நீவிவிட்டாள். "பேரு வைக்க நீங்க வரலியே," என்றாள். "அதனால இன்னும் பாப்பான்னுதான் கூப்பிடுதாவ. பட்டர் சர்க்கரத் தண்ணி தொட்டு வச்சதோட சரி."

"பொட்டப் பிள்ளையா?"

"ஆமா. உங்க மூக்கு."

மழை விடட்டும் என்று அவள் சொன்னாள். அவர் குடையைத் தேடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதற்குமேல் தாமதிக்க மனம் வரவில்லை. இரண்டு பேரும் இறங்கி நடந்தார்கள், முன்னால் சுக்கு ஓடியது. மண்டபத்தில் நின்றிருந்தவர்கள் பார்த்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. தெருமுனை தாண்டியதும் சன்னதித் தெருவுக்கு மோப்பம் போய்விட்டது. அன்று அதற்காக ஒருவரும் எரிச்சல்படவில்லை.

சந்தை முக்கு நெருங்க நெருங்கக் குற்றாலிங்கம் நடையைக் குறைத்தார். என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது, எந்தப் படியில் செருப்பைக் கழற்றுவது, அந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தால் குடிப்பதா, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கோமதியம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அப்படிப் பிடித்து நடந்தது கல்யாணத்தன்றைக்குப் பிறகு இதுதான்.

கறிக்கடை அடைத்திருந்தது, கழுவிவிட்டிருந்தது. பின்கட்டு வீட்டின் வாசல்கதவு விரியத் திறந்திருந்தது. சங்கரி இடுப்பில் குழந்தையோடு நிலைப்படியில் நின்றிருந்தாள், சேர்மத்துரை துவைத்த சட்டையின் பொத்தான்களைத் தப்பும் தவறுமாகப் போட்டபடி அவளுக்குப் பின்னால் நின்றிருந்தான். சுக்கு ஓடிப்போய் அவள் காலைச் சுற்றியது.

"வாங்கப்பா," என்றாள் சங்கரி. "நீங்க வாரது பஸ் ஸ்டாண்டு திருப்பத்துலயே தெரிஞ்சிட்டு. சண்டைக்கு வாரியளோன்னு இவுக பதறிட்டாக. நான்தான் இல்ல, நல்லா மோந்து பாருங்க, எங்க அப்பா பயந்துக்கிட்டே வாராகன்னு சொல்லிக் கதவத் திறந்து வச்சேன்."

குற்றாலிங்கம் இல்லை என்று சொல்லவில்லை. அந்த மூக்குக்கு முன்னால் அப்படிச் சொல்லவும் முடியாது. அவர் ஈரக் கைகளை வேட்டியில் துடைத்தார். துடைத்தது போதாது என்று மறுபடி துடைத்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். குழந்தை அவரை உற்றுப் பார்த்தது, மூக்கைச் சுருக்கி, நேரமெடுத்து, தலைமுதல் கால்வரை அவரை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, தாவி வந்தது.